புதன் இரவுக் காய்ச்சலும் வெள்ளி இரவுக் காய்ச்சலும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசிக் கிழமை. ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டி நீளும் வடசென்னையில், அன்று காலை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் பெஞ்சுகளில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருப்பார்கள். பிறந்து 6 வாரம், 10 வாரம், 14 வாரம் என்று மூன்று முறை வரவேண்டும். ஒவ்வொரு முறையும் இடது தொடையில் பெண்டாவேலண்ட் ஊசி, வாயில் போலியோ சொட்டும் ரோட்டா வைரஸ் மருந்தும். 6, 14 வாரங்களில் வலது தொடையில் நிமோனியா ஊசியும் வலது மேல்கையில் போலியோ ஊசியும் சேர்ந்துகொள்ளும். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். பொழுது சாயும்போது குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும். ஊசி போட்ட தொடையில் கை பட்டால் வீரிட்டு அழும். விளக்கு வைக்கும் நேரத்தில் உடம்பு கொதிக்கும். இந்த இரவைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். இதைக் கடக்க வேண்டிய தாய்க்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது காய்ச்சலின் நேரம் என்பது என் வாதம். எத்தனை டிகிரி என்பதும் எந்த மருந்து என்பதும் அதற்குப் பின்னால் வருகின்றன. ஊசியால் வரும் காய்ச்சலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு: பெரும்பாலும் ஊசி போட்ட அன்றே தொடங்கும், 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இது தெரியாததால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. காய்ச்சல் வருமுன்பே மருந்தை ஊற்றுகிறோம். மூன்றாம் நாளும் காய்ச்சல் அடித்தால் “ஊசிக் காய்ச்சல்தானே” என்று சும்மா இருந்துவிடுகிறோம். இரண்டாவது தவறுதான் உயிருக்கு ஆபத்தானது.

காய்ச்சல் ஏன் வருகிறது என்பது தெரிந்தால் நேரக்கணக்கு தானே புரியும். பெண்டாவேலண்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் என ஐந்துக்கு எதிராக வேலை செய்கிறது. 2011 டிசம்பரில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இதை இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். இந்த ஐந்தில் காய்ச்சலுக்குப் பெரும் பொறுப்பு கக்குவான் இருமல் பகுதிக்கு. மற்ற பகுதிகளில் கிருமியின் ஏதோ ஒரு துண்டோ செயலிழக்க வைத்த அதன் நச்சோ மட்டுமே இருக்கும்; இதில் மட்டும் கிருமியைக் கொன்று முழுசாகவே சேர்க்கிறார்கள். அதன் மேலுறையில் உள்நச்சு என்ற பொருள் ஒட்டியிருக்கிறது. செத்த கிருமிதான், நோய் தராது. ஆனாலும் தொடைத் தசையில் காத்திருக்கும் காவல் செல்கள் அந்த உறையைத் தொட்டவுடன் எதிரி நுழைந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு இன்டர்லூக்கின் போன்ற புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செய்தி மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. உடம்பு எந்தச் சூட்டில் இருக்கவேண்டும் என்று ஹைபோதலாமஸ் வைத்திருக்கும் அளவு மேலே ஏறுகிறது. செய்தி போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும். காலையில் போட்ட ஊசிக்கு மாலையில் காய்ச்சல் வருவது அதனால்தான். செத்த கிருமி பெருகாது. காவல் செல்கள் இருந்ததைத் தின்று தீர்த்ததும் செய்தி நின்றுபோகும், ஏறிய அளவு இறங்கிவிடும். அமெரிக்காவில் 1981-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முழுக்கிருமி ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்தது. மீதிப் பாதிக்கு வரவில்லை. அவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் உருவாகத்தான் செய்கிறது. “காய்ச்சல் வந்தால்தான் ஊசி பிடித்தது” என்று பாட்டிமார் சொல்வது காய்ச்சல் கண்ட குழந்தையின் தாய்க்கு ஆறுதலாக இருக்கலாம். காய்ச்சல் காணாத குழந்தையின் தாய் அதைக் கேட்டுக் கவலைப்படத் தேவையில்லை.

உடம்பின் அளவு மேலே ஏறும் அந்த முதல் மணி நேரங்களில் ஒரு விசித்திரம் நடக்கிறது. பெரியவர்களானால் குளிரில் நடுங்கிச் சூட்டைக் கூட்டுவோம். கைக்குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. கழுத்தின் பின்புறத்திலும் தோள்களுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடாகிறது. கிடைத்த சூட்டை விடாமல் பிடித்துக்கொள்வதற்காகக் கை கால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதனால் வயிறும் நெற்றியும் கொதிக்க, உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டிருக்கும். கையைத் தொட்டுப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் பிள்ளைக்குக் குளிர்கிறது என்று காலுறை மாட்டி, குல்லா போட்டு, துணியால் இறுக்கிச் சுற்றி, மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறார்கள். அக்கறையால் செய்வதுதான், ஆனால் வெளியேற வேண்டிய சூட்டுக்கு அது கதவடைக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ தகரக் கூரைக்கோ கீழே, மே மாதத்து இரவில், கடல் காற்று செத்துக் கிடக்கும்போது இப்படிச் சுற்றி வைத்த குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமல்கூட உடம்பு சுடும். அது வேறு வகைச் சூடு. ஹைபோதலாமஸ் தன் அளவை ஏற்றவில்லை, வெளியிலிருந்து வெப்பம் திணிக்கப்படுகிறது, அவ்வளவே. பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து ஏறிய அளவை இறக்கும் மருந்து. ஏறாத அளவை அது எப்படி இறக்கும்? ஆகவே முதல் வேலை துணியைக் கழற்றுவது. ஒற்றைப் பருத்திச் சட்டை, நேரே முகத்தில் அடிக்காத விசிறிக் காற்று, தாய்ப்பால். அரை மணி கழித்துத் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பார்க்கலாம். கைக்குழந்தையின் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை 38 டிகிரி செல்சியஸ், நம் வழக்கப்படி 100.4 ஃபாரன்ஹீட். அக்குளில் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் அங்கே 99.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். பனிக்கட்டியும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டாம். ஏறிய அளவு ஏறியபடியே இருக்கும்போது தோலை மட்டும் குளிர வைத்தால், உடம்பு இன்னும் மூர்க்கமாகச் சூட்டை உண்டாக்கும், குழந்தை இன்னும் அழும். ஊசி போட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ எண்ணெய் தேய்த்து உருவுவதோ கூடாது. குளிர்ந்த ஈரத் துணியைச் சிறிது நேரம் வைத்தால் போதும்.

எப்படியும் வரப்போகும் காய்ச்சல்தானே, ஊசி போட்டவுடனே ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டால் குழந்தையும் தூங்கும், நாமும் தூங்குவோமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடிகாலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்ப வேண்டிய பெண்ணிடம் இரவு முழுக்க விழித்திருந்து பார் என்று சொல்வது எளிதல்ல. இதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். 1975-இல் மேத்யூ குளூகர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாலைவன இகுவானாக்களுக்கு, அதாவது நம் ஓணானின் தூரத்துச் சொந்தங்களுக்கு, நோய்க்கிருமியைச் செலுத்திப் பல வெப்ப அறைகளில் வைத்துப் பார்த்தார். சூடான அறைகளில் இருந்தவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த அறைகளில் இருந்தவை அதிகம் செத்தன. அடுத்த ஆண்டு, காய்ச்சலைக் குறைக்கும் சாலிசிலேட் மருந்து கொடுத்து உடம்பைச் சூடாக விடாமல் தடுத்தபோது சாவு கூடியது. காய்ச்சல் என்பது நோய்க்கு எதிராக உடம்பு கண்டுபிடித்த மிகப் பழைய கருவி என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. ஆனால் ஓணானை வைத்துக் குழந்தைக்கு முடிவு சொல்ல முடியாது. தடுப்பூசி ஒரு நோயும் அல்ல. குழந்தைகளிடமே பார்த்த ஆய்வு செக் குடியரசில் நடந்து 2009 அக்டோபரில் லான்செட் இதழில் வெளியானது. 459 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு ஊசி போட்ட முதல் 24 மணி நேரம் இடைவெளி விட்டுப் பாராசிட்டமால் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. மருந்து பெற்றவர்களில் 42 சதவீதத்துக்குக் காய்ச்சல், பெறாதவர்களில் 66 சதவீதத்துக்கு. மருந்து தன் வேலையைச் செய்தது. பிறகு ரத்தத்தில் எதிர்ப்புரதங்களை அளந்தார்கள். மருந்து பெற்ற குழந்தைகளிடம் நிமோனியா ஊசியின் பத்து வகைகளுக்கும், ஹிப், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான் இருமலின் ஒரு கூறு ஆகியவற்றுக்கும் எதிர்ப்புரதம் குறைவாக இருந்தது. 39.5 டிகிரியைத் தாண்டிய காய்ச்சலோ இரு தரப்பிலுமே மிக அரிது. தடுக்க வேண்டிய ஆபத்து பெரிதாக இல்லாத இடத்தில், கிடைக்க வேண்டிய பலன் குறைந்திருக்கிறது.

இந்த ஆய்வை மிகைப்படுத்தியும் சொல்லக் கூடாது. எதிர்ப்புரதம் குறைந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் பாதுகாப்புக்குத் தேவையான அளவுக்கு மேலேயே இருந்தார்கள். ஏற்கெனவே முன்கூட்டி மருந்து கொடுத்துவிட்ட தாய் ஊசி வீணாகிவிட்டதோ என்று பதறவேண்டாம். இங்கிலாந்தில் 2015 முதல் மூளைக்காய்ச்சல் பி வகை ஊசியோடு பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதையும் எதிர்த்தரப்பார் எடுத்துக்காட்டலாம். உண்மைதான். அந்த ஊசி மற்றவற்றோடு சேரும்போது காய்ச்சல் மிக அதிகமாக வருகிறது, முன்மருந்து அந்த ஊசியின் பலனைக் குறைக்கவில்லை என்று சோதித்த பிறகே அப்படி முடிவெடுத்தார்கள். அந்த ஊசி நம் அரசுத் திட்டத்தில் இல்லை. அங்குள்ள விதியை இங்கே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 2017-இல் போலந்திலிருந்து வெளியான ஓர் ஆய்வு இன்னும் நுட்பமாகப் பார்த்தது: ஊசி போடும்போதே மருந்தைத் தொடங்கினால் நிமோனியா ஊசியின் சில வகைகளுக்கு எதிர்ப்புரதம் குறைகிறது, 6 முதல் 8 மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அந்தக் குறைவு தெரியவில்லை. இங்கும் நேரமே பேசுகிறது. காவல் செல்கள் முதல் செய்தியை அனுப்பும் நேரத்தில் குறுக்கே போகாமலிருந்தால் போதும். காய்ச்சல் வந்து குழந்தை துவண்டு, பால் குடிக்க மறுத்து அழுகிறதென்றால் அப்போது ஒரு வேளை மருந்து கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. சூடு இருந்தும் பால் குடித்துச் சிரித்து விளையாடும் குழந்தைக்கு மருந்தே தேவையில்லை. தெர்மாமீட்டரின் எண்ணைக் குறைப்பது நோக்கமல்ல, குழந்தையின் வேதனையைக் குறைப்பதே நோக்கம். மீன் ஏலத்துக்குப் போகும் பெண்ணுக்கு என் பதில் இதுதான்: மருந்தைக் கையில் வைத்திருங்கள், காய்ச்சல் வரட்டும்.

கொடுப்பதென்றால் எவ்வளவு? இந்தக் கேள்வியில்தான் நம் ஊரில் பெரும் குழப்பம். கைக்குழந்தைக்குப் பாராசிட்டமால் அளவு ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நாலரைக் கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம் சரியான அளவு. ஆனால் மருந்துக் கடையில் அதே பெயரில் மூன்று அடர்த்திகளில் புட்டிகள் இருக்கின்றன. டிராப்ஸ் என்று கேட்டால் கிடைப்பதில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்று ஒன்று, 5 மில்லிக்கு 250 என்று இன்னொன்று. அதே 50 மில்லிகிராமுக்கு டிராப்ஸில் அரை மில்லி, முதல் சிரப்பில் 2 மில்லி, இரண்டாவதில் 1 மில்லி. மூத்த பிள்ளைக்கு அரை ஸ்பூன் சிரப் கொடுத்த பழக்கத்தில் டிராப்ஸையும் அரை ஸ்பூன் ஊற்றினால் 250 மில்லிகிராம், தேவையைப் போல் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். அமெரிக்காவில் இதே குழப்பத்தால் 2011-இல் குழந்தைகளுக்கான திரவப் பாராசிட்டமாலை ஒரே அடர்த்திக்கு மாற்றினார்கள். இந்தியாவிலும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அதுவரை புட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்துப் பார்ப்பதொன்றே காப்பு. 500 மில்லிகிராம் மாத்திரையை நான்காக உடைத்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கும் கால் மாத்திரைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கால் மாத்திரை 125 மில்லிகிராம், நாலரைக் கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு ஏறக்குறைய 28 மில்லிகிராம். ஒரு வேளையோடு நின்றால் பெரும்பாலும் கெடுதி வராது. ஆனால் ஒரு நாளில் நான்கு முறை கொடுத்தால் முழு மாத்திரை உள்ளே போய், கிலோவுக்கு 111 ஆகிவிடும். நாளொன்றுக்கான உச்ச அளவு 60. கல்லீரல் தாங்க வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையை. ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். பெரும்பாலும் ஓரிரண்டு வேளையிலேயே தேவை முடிந்துவிடும். எடை 4 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011 முதல் தடை செய்யப்பட்ட மருந்து. புட்டியையும் மாத்திரை அட்டையையும் படித்துப் பார்த்து வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாம்பள்ளியில் பெண்டாவேலண்ட் ஊசிக்குப் பின் பாராசிட்டமாலுக்குப் பதிலாக டிராமடால் என்ற கடும் வலி மருந்தைத் தவறுதலாகக் கொடுத்து அனுப்பினார்கள். குழந்தைகள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டன, உயிரும் போயிற்று. ஊசி செய்யாத கொலையை, ஊசிக்குப் பிந்திய மாத்திரை செய்தது.

காசு உள்ளவர்கள் தனியார் ஆஸ்பத்திரியில் வலியில்லா ஊசி போட்டுக்கொள்கிறார்கள், நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் காய்ச்சல், அரசு ஊசி மட்டமா என்று ராயபுரத்தில் ஒரு தாய் கேட்டால் அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வலியில்லா ஊசி என்று சொல்லப்படுவதில் கக்குவான் கிருமி முழுசாக இல்லை, அதன் சில துண்டுகளே இருக்கின்றன. ஆகவே காய்ச்சல் குறைவு. அது பிறந்த கதை ஜப்பானுடையது. 1974-75 குளிர்காலத்தில் முழுக்கிருமி ஊசிக்குப் பின் இரண்டு குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வர, அரசு ஊசியை நிறுத்தியது, பிறகு இரண்டு வயதுக்குத் தள்ளிப்போட்டது. மக்கள் விலகினார்கள். 1979-இல் 13,000 பேருக்குக் கக்குவான் இருமல், 41 சாவுகள். அந்த நெருக்கடியில் உருவாகி 1981-இல் புழக்கத்துக்கு வந்ததுதான் துண்டு ஊசி. அமெரிக்கா தொண்ணூறுகளில் முழுவதுமாக அதற்கு மாறியது. 2010-இல் கலிபோர்னியாவில் 9,000-க்கு மேற்பட்டோரைக் கக்குவான் இருமல் தாக்கிப் பத்துக் குழந்தைகள் இறந்தபோது, துண்டு ஊசியின் பாதுகாப்பு ஆண்டுக்கு ஆண்டு வேகமாகத் தேய்கிறது என்பது தெரியவந்தது. முழுக்கிருமி ஊசி தரும் பாதுகாப்பு நீண்டு நிற்கிறது. அரசு நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஊசி ஓர் இரவுக் காய்ச்சலை வாங்கிக்கொண்டு நெடுநாள் காவலைக் கொடுக்கிறது. மட்டம் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே வடசென்னையின் மூத்த தலைமுறைக்குத் தெரியும், தொண்டை அடைப்பானும் கக்குவான் இருமலும் எப்படிப்பட்டவை என்று.

ஊசியைப் பற்றிய பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே நான்கு குழந்தைகள் இறந்தன. அப்போது திருவொற்றியூரும் எண்ணூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அதன் பிறகு மாநிலம் முழுக்கத் தடுப்பூசியை மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் வேகமாகப் பரவியதற்கு, இத்தகைய பழைய நினைவுகளும் தூபம் போட்டிருக்கும். ஆனால் இங்கும் கடிகாரத்தைப் பாருங்கள். தடுப்பூசியால் நேரக்கூடிய கடும் ஒவ்வாமை நிமிடங்களில் வரும். அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகவே, அந்த அரை மணியை யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அபூர்வமாகச் சில குழந்தைகள் ஊசி போட்ட சில மணி நேரத்தில் வெளிறித் துவண்டு, கூப்பிட்டால் பதில் காட்டாமல் கிடக்கும். 1981 ஆய்வில் 1,750 ஊசிக்கு ஒன்று என்று கணக்கிட்டார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், உடனே மருத்துவரிடம் தூக்கிப் போகவேண்டும், ஆனால் குழந்தை முழுதாகத் தெளிந்துவிடும். காய்ச்சல் மாலையில் வரும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. அது உடம்பில் பெருக நாளாகும் என்பதால் காய்ச்சல் 5 முதல் 12 நாள் கழித்து வரும், சிலருக்கு லேசான தடிப்போடு. வலிப்பைப் பற்றிய பயத்துக்கும் விடை இருக்கிறது. காய்ச்சல் வலிப்பு பொதுவாக 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பருவத்துக்கு உரியது, முன்கூட்டிய பாராசிட்டமாலால் அதைத் தடுக்கவும் முடிவதில்லை. 6, 10, 14 வாரக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் அதற்கு ஊசியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாக நம்பப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலியாவில் மரபணுச் சோதனை செய்தபோது, 11 பேருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு இருந்தது 2006-இல் தெரியவந்தது. ஊசி இல்லாவிட்டாலும் அந்த வலிப்பு நோய் அவர்களைத் தேடி வந்திருக்கும்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். புதன் காலை 11 மணிக்குப் போட்ட ஊசியின் கணக்கு வெள்ளி காலை 11 மணியோடு முடிகிறது. அதற்குப் பிறகும் உடம்பு சுட்டால், அல்லது ஒருமுறை அடங்கி மறுபடி ஏறினால், அது வேறு காய்ச்சல். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரிக் காய்ச்சல் என்றாலே மருத்துவ உலகம் அவசரமாக எடுத்துக்கொள்கிறது. அந்த வயதில் ரத்தத்தில் கிருமி, சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல், நிமோனியா எதுவும் வெளியே தெரியாமல் காய்ச்சலாக மட்டும் தலைகாட்டும். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்கு மட்டுமே அந்த அவசரத்தில் சலுகை, அதுவும் குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தால். வடசென்னையில் இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலையும் மணலி ஆலைகளின் புகையையும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் வாடையையும் நாள்தோறும் சுவாசிக்கும் ஊரில், குழந்தையின் சளியும் இருமலும் யாருக்கும் புதிதாகத் தெரிவதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, இருமலுக்குக் காற்றைக் குறை சொல்வது இன்னும் இயல்பாகிவிட்டது. காய்ச்சலுக்கு ஊசி காரணம், இருமலுக்கு ஊர்க்காற்று காரணம் என்று இரண்டு விளக்கங்கள் கையில் தயாராக இருக்கும்போது, இரண்டும் சேர்ந்த நிமோனியா யார் கண்ணிலும் படாமல் போகிறது. 6 வாரத்தில் போட்ட முதல் நிமோனியா ஊசி இன்னும் முழுக் காவலாக வளர்ந்திருக்காது. சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. அந்த எண்ணை எட்டினாலோ, விலா எலும்புக்குக் கீழ் மார்பு உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீரிட்டாலோ, முதல் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. எண்ணூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. நள்ளிரவு வரை யோசித்துவிட்டுக் கிளம்புவதைவிட மாலையிலேயே கிளம்பிவிடுவது மேல். இன்னொன்றும் இங்கேயே சொல்லியாக வேண்டும். சாதாரணச் சளி இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. எண்ணூரில் சளி தீர்ந்த பிறகுதான் ஊசி என்று காத்திருந்தால் சில குழந்தைகளுக்கு ஊசி போடவே முடியாது.

தாய் சேய் நல அட்டையில் ஊசி போட்ட தேதியை எழுதக் கட்டம் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஊசி போட்ட மணியையும், அன்றைய எடையையும், அந்த எடைக்கு எந்தப் புட்டியில் எத்தனை மில்லி என்பதையும் எழுதித் தருமாறு செவிலியரைக் கேளுங்கள். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. சென்னை மாநகராட்சியின் சுகாதார நிலையங்கள் தாய்மார்கள் கேட்கும் வரை காத்திராமல் தாங்களாகவே இதை வழக்கமாக்க வேண்டும்.